இருநூத்திப் பதினாலு நாள் சரக்கு

உக்காருங்க தம்பி. அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் குட்டை. இந்தப் பெட்டி மேல உக்காருங்க, உள்ள பெல்ட்டுதான் இருக்கு, ஒண்ணும் ஆகாது. இந்தக் கடையில நேரா நிக்கிற சாமான் இந்த நாற்காலி ஒண்ணுதான். அதுல நான் உக்காந்திருக்கேன்.

அவசரம்னு தெரியுதுங்க. கோத்தகிரி, டீ ஃபேக்டரி, ரோலர் நின்னு போச்சு, நேத்துப் பறிச்ச இலை வாடிக்கிட்டிருக்கு, சாயங்காலத்துக்குள்ள நசுக்கலேன்னா அத்தனையும் குப்பை. வந்ததுலருந்து நாலு தடவை சொல்லிப்போட்டீங்க. மேல தேடறாங்க. கடைக்காரன் நாச்சிமுத்து பல்லடத்துக்கு டெலிவரி போயிருக்கான். மாடியில தேடறது அவனோட அக்கா சுலோச்சனா. அவன் அக்கான்னா என் சம்சாரம். நான் இந்தக் கடையில வேலை செய்யறவன் இல்லீங்க, அதை முதல்லயே சொல்லிடறேன். சும்மா வந்து உக்காந்திருப்பேன். ஆள் இல்லாதப்ப பில் போட்டுக் குடுப்பேன், அவ்வளவுதான். என் பேரு திருமூர்த்தி. பம்ப்செட் கம்பெனியில இருபத்தாறு வருஷம் காஸ்டிங், அதாவது அடக்கவிலைக் கணக்கு, பார்த்தவன்.

எங்க, அந்த உடைஞ்சதைக் காட்டுங்க. பேப்பரை முழுசாப் பிரிக்காதீங்க, கிரீஸ் மேஜையில ஆகும். ம். பேரிங். இன்ச் அளவு. வெள்ளைக்காரன் காலத்து மிஷின். தம்பி, உண்மையச் சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. இது கிடைக்காது. கிடைச்சுதுன்னா இந்தக் கடை உருப்படாதுன்னு அர்த்தம். ஏன்னு கேளுங்க. இந்த பேரிங்கைக் கேட்டு வருஷத்துக்கு எத்தனை பேரு வருவாங்க? ஒருத்தர். ரெண்டு வருஷத்துக்கு ஒருத்தர்னு வெச்சுக்கலாம். அந்த ஒருத்தருக்காக ஒரு பேரிங்கை ரேக்குல வெச்சு, தூசி தட்டி, துருப்பிடிக்காம எண்ணெய் பூசி, காவல் காத்துக்கிட்டு இருக்கறதுக்குப் பேரு வியாபாரமாங்க? முடங்கிப் போன பணம் அது.

இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. சரக்கு நாள்னு பேரு. கடையில இருக்கற சரக்கு மொத்தமும் வித்துத் தீர எத்தனை நாள் ஆகும்னு பார்க்கறது. காய்கறிக் கடைக்கு ஒரு நாள். துணிக்கடைக்கு மூணு மாசம். இந்தக் கடைக்கு எவ்வளவுன்னு ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். எழுநூறு நாளுக்கு மேல வந்துச்சு. கால்குலேட்டரை மூடி வெச்சுட்டேன்.

சிரிக்கறீங்க. பரவால்ல. ஷேர் மார்க்கெட் பக்கம் போனதுண்டுங்களா? நல்லது, போகாதீங்க. போறவனெல்லாம் யாருன்னு நினைக்கறீங்க? கிராஸ் கட் ரோட்டுல புரோக்கர் ஆபீஸ் ஒண்ணு இருக்கு. அங்க பத்துப் பேரு டிவியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பானுங்க. பச்சை வந்தா சிரிப்பானுங்க, சிவப்பு வந்தா டீ சொல்லுவானுங்க. கம்பெனி என்ன பண்ணுதுன்னு கேட்டா தெரியாது. யாரோ வாட்ஸப்புல அனுப்பினான்னு வாங்குவானுங்க, யாரோ வித்துட்டான்னு விப்பானுங்க. நான் அங்க போனா ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான். பயமுங்க. என்ன வாங்கியிருக்கேன்னு சொன்னா நான் கேள்வி கேப்பேன், அவனுக்குப் பதில் தெரியாது.

என் வழி வேற. பத்து வருஷ ஆண்டறிக்கையை எங்கிட்டக் குடுங்க. ஒரு ராத்திரி போதும். லாபம், கடன், வர வேண்டிய பாக்கி, போட்ட முதலுக்கு என்ன வருது, எல்லாத்தையும் பிச்சுப் போட்டு, இந்தக் கம்பெனியோட உண்மையான மதிப்பு இதுதான்னு சொல்லிடுவேன். விலை வேற, மதிப்பு வேற. இது தெரியாதவன்தான் நாட்டுல முக்காவாசி.

நொய்யல் இண்டஸ்ட்ரியல் சப்ளைஸ் லிமிடெட். கேள்விப்பட்டிருப்பீங்க. கேள்விப்பட்டிருக்கீங்களா? உங்க ஃபேக்டரியிலருந்துகூட அங்க போவாங்களா? ம். அப்ப போயிருப்பாங்க. இப்ப யாரும் போறதில்லைன்னு நீங்க சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும். பேரிங், பெல்ட், போல்ட்டு, டிரில் பிட், கையுறை, ஆயில் சீல், தொழிற்சாலைக்கு என்னென்ன வேணுமோ அத்தனையும் வாங்கி விக்கற கம்பெனி. சொந்தமா ஒரு ஆணிகூடத் தயாரிக்கறதில்லை. நாற்பது வருஷமா மார்க்கெட்டுல ஷேர் இருக்கு. கடன் கிடையாது. பன்னெண்டு வருஷம் விடாம டிவிடெண்டு. ஷேர் விலை, ஒரு ஷேருக்கு வர்ற வருஷ லாபத்தைப் போல ஒம்பது மடங்குதான். எவனும் சீந்தலை. ஏன்னா டிவியில வராது. நான் பார்த்தேன். பத்து வருஷத்தையும் பிரிச்சு மேஞ்சேன். எல்லாம் நல்லா இருக்கு, ஒண்ணைத் தவிர. சரக்கு நாள் இருநூத்திப் பதினாலு. இருநூத்திப் பதினாலு நாள் சரக்கை வெச்சுக்கிட்டு ஒருத்தன் வியாபாரம் பண்றான்னா அவனுக்குத் தூக்கம் எப்படி வரும்? போட்ட முதலுக்கு ஒம்பது பர்சென்ட். பேங்க்குல போட்டாலே அதுக்குப் பக்கத்துல வரும்.

அம்பது ஷேர் வாங்கினேன். லாபத்துக்கு இல்லீங்க, வருஷாந்திரக் கூட்டத்துல கேள்வி கேக்கறதுக்கு. ஒரு ஷேர் இருந்தாலும் எழுந்து நின்னு சேர்மனைக் கேக்கலாம், சட்டம் அப்படி. அவிநாசி ரோட்டுல ஒரு ஹால்ல நடக்கும். தொண்ணூறு பேரு வருவாங்க. எதுக்குன்னு நினைக்கறீங்க? ஸ்நாக்ஸ் பாக்ஸுக்கு. ஒரு லட்டு, கொஞ்சம் மிக்சர், ஒரு முந்திரி பிஸ்கட். அதுக்காகப் புருஷன், பொண்டாட்டி, மச்சினிச்சின்னு மூணு பேருல தனித்தனியா ஒவ்வொரு ஷேர் வாங்கி வெச்சுக்கிட்டு, மூணு பாக்ஸை வாங்கிப் பைக்குள்ள போட்டுக்கிட்டு, தேசிய கீதத்துக்கு முந்தியே கிளம்பிடுவானுங்க. ஆண்டறிக்கையை விசிறிக்கறதுக்கு எடுத்துட்டுப் போவானுங்க. அந்தக் கூட்டத்துல நான் ஒருத்தன்தான் பேப்பர் வெச்சுக்கிட்டு எழுந்தேன்.

முதல் வருஷம் கேட்டேன். சேர்மன் வயசானவரு, பொறுமையாத்தான் பதில் சொன்னாரு. "சார், நம்ம சரக்குதான் நம்ம பேரு. வந்தவங்க கிட்ட இல்லைன்னு சொல்லி அனுப்பக் கூடாதுன்னு வெச்சிருக்கோம்"ங்கறாரு. பாருங்க தம்பி, இது பதிலா? நான் நம்பரைக் கேக்கறேன், அவரு பேரைச் சொல்றாரு. ரெண்டாவது வருஷமும் கேட்டேன். அதே பதில். மூணாவது வருஷம் அவருக்கு உடம்பு முடியாமப் போயி, வெளிநாட்டுல எம்.பி.ஏ. படிச்ச அவரு மகன் மேடைக்கு வந்தான். நான் எழுந்தேன். இந்தத் தடவை கேள்வி மட்டும் இல்லை, யோசனையும் எழுதிட்டுப் போயிருந்தேன். ரெண்டு வருஷமா அசையாத சாமான் ஒவ்வொண்ணு மேலயும் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுங்க, டெட் ஸ்டாக்னு. ஒட்டினதைக் கணக்குல பூஜ்யம்னு எழுதித் தள்ளுங்க. எடைக்குப் போட்டுக் காசாக்குங்க. கம்பெனி மூச்சு விடும்.

அந்தப் பையன் குறிச்சுக்கிட்டான். அடுத்த கூட்டத்துல மேடையிலருந்து, மைக்குல, "திருமூர்த்தி சார் குடுத்த யோசனையை நிர்வாகம் ஏத்துக்கிட்டது"ன்னு சொன்னான். தொண்ணூறு பேரும் திரும்பிப் பார்த்தானுங்க. முடிஞ்சு போறப்ப எனக்கு மட்டும் ரெண்டு பாக்ஸ் குடுத்தாங்க. ஒண்ணை வேண்டாம்னு சொல்லிப் பார்த்தேன், வற்புறுத்தினாங்க.

ஸ்டிக்கரா? ஆமாங்க, அதேதான். இதோ இந்தப் பெட்டி மேலயும் இருக்கு பாருங்க, நீங்க உக்காந்திருக்கற பெட்டி. மஞ்சளா, ஓரத்துல ரேக் நம்பர் எழுதி. இந்தக் கடையில சரியான தகவல்னு எழுதி ஒட்டியிருக்கறது இது ஒண்ணுதான். நாச்சிமுத்து உரிக்கச் சொன்னான், பழசுன்னு கஸ்டமர் நினைப்பாங்களாம். நான் உரிக்க மாட்டேன்னுட்டேன். உண்மையை எதுக்கு உரிக்கணும்?

எப்படி இங்க வந்துச்சுன்னுதானே கேக்கறீங்க. அதைத்தான் சொல்ல வந்தேன். நாச்சிமுத்து அப்ப ஒரு ஸ்பின்னிங் மில்லுல மெயின்டெனன்ஸ் ஃபோர்மேன். ஸ்பேனர் பிடிக்கற ஆளு. நொய்யல் கம்பெனியில சாமான் வாங்கறவன் அவன்தான். நான் ஸ்டிக்கர் யோசனையைச் சொன்ன அன்னிக்கு ராத்திரி, சாப்பிடறப்ப, அவன் கேட்டான். "மச்சான், நாங்க ஏன் அங்க போறோம்னு நினைக்கறீங்க? மத்தவங்ககிட்ட இல்லாதது அங்க இருக்கும். அந்த ஒண்ணுக்காகப் போயி, மத்த இருபதையும் அங்கயே வாங்கிட்டு வர்றோம். அந்த ஒண்ணை எடுத்துட்டீங்கன்னா நாங்க எதுக்குங்க அங்க போறோம்?" எங்கிட்டச் சொல்றான். ஆண்டறிக்கைன்னா கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டிருந்தவன். சரிடா, உன் சோத்தைச் சாப்பிடுன்னேன்.

கம்பெனி பதினோரு டன் சரக்கை எடைக்குப் போட்டுச்சு. புது பேரிங்குங்க, கவர் பிரிக்காதது, கிலோ நாற்பத்திரண்டு ரூபா. பழைய இரும்புக்காரன் எடுப்பான்னு பார்த்தா, இவன் எடுத்தான். வேலையை விட்டுட்டு, பி.எஃப். பணத்தைப் போட்டு, இந்தக் கணபதி ஏரியாவுல இந்தச் சந்துக்குள்ள இந்த இடத்தை வாடகைக்குப் பிடிச்சு, லாரியில கொண்டாந்து இறக்கினான். நான் தலையில அடிச்சுக்கிட்டேன். நான் பூஜ்யம்னு எழுத வெச்சதை என் மச்சினனே காசு குடுத்து வாங்கறான். வெளியில சொன்னா யாராவது என்னை மதிப்பாங்களா?

ஏம்மா, கிடைச்சுதா? ... இன்னும் பார்த்துக்கிட்டிருக்கேங்கறா. பாருங்க, இதுவும் ஒரு முறை. அட்டைப் பெட்டியில ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கார்டு எழுதி வெச்சிருக்கா, எந்த ரேக், எந்தத் தட்டு, எல்லாம். கம்ப்யூட்டர் கிடையாது. கார்டைப் பார்த்துட்டு மேல போனவ, இருபது நிமிஷமாச்சு.

நான் மேல போறதில்லை. முட்டி வலி. முட்டி வலி இல்லேன்னாலும் எதுக்குப் போகணும்? ஸ்டாக் லிஸ்ட் இங்க மேஜையிலயே இருக்கே. சரக்கைக் கண்ணால பார்த்துத்தான் கணக்கு தெரியணும்னா, அப்பறம் எனக்கும் லோடு இறக்கறவனுக்கும் என்ன வித்தியாசம்?

கதைய விட்டுட்டேன். அடுத்த வருஷம் ஆண்டறிக்கை வந்துச்சுங்க. பொன்னு தம்பி, பொன்னு. சரக்கு நாள் இருநூத்திப் பதினாலுலருந்து அறுபத்தொண்ணு. போட்ட முதலுக்குப் பத்தொன்பது பர்சென்ட். கையிருப்பு ரொக்கம் மூணு மடங்கு. நான் சொன்னது அச்சுல வந்திருக்கு. அந்தப் பக்கத்தை எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியாது. உண்மையான மதிப்பு நானூத்திப் பத்து ரூபான்னு எனக்கு வந்துச்சு. ஷேர் விலை இருநூத்திப் பன்னெண்டு. பாதி விலைக்குக் கிடைக்குது, நாட்டுல ஒருத்தனுக்கும் தெரியலை.

எங்கிட்டப் பணம் இல்லை. வி.ஆர்.எஸ். காசு பொண்ணு கல்யாணத்துல போயிருச்சு. இருந்தது ஒண்ணுதான். காளப்பட்டியில அஞ்சு சென்ட் சைட். என் மாமனாரு சுலோச்சனாவுக்குக் குடுத்தது. நாங்க இருபத்தேழு வருஷம் வாடகை வீடு. அந்த அஞ்சு சென்ட்டுல ஒரு வீடு கட்டணும்னு அவளுக்கு ஒரு இது. கிழக்குப் பார்த்த வாசல், சமையல்கட்டுல ரெண்டு ஜன்னல்னு ஏதாவது காகிதத்துல வரைஞ்சு வெச்சுக்கிட்டிருப்பா. நான் உக்காத்தி வெச்சு எல்லாத்தையும் விளக்கினேன். லாபம், ரொக்கம், மதிப்பு, பாதுகாப்பு, எல்லாம். ரெண்டு வருஷம் பொறு, சைட்டும் வாங்கலாம், வீடும் கட்டலாம், மிச்சமும் இருக்கும்னேன். கடைசி வரைக்கும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா. "அந்தக் கடைக்கு நீங்க ஒரு தடவையாவது போயிருக்கீங்களா?"

நான் சிரிச்சுட்டேன். மளிகைக் கடைய விலை பேசறாப்புல நினைச்சுக்கிட்டிருக்கா. கடையில போய் நான் என்ன பார்க்கறது? எத்தனை பேரு வரிசையில நிக்கறாங்கன்னா? எல்லாம் ஆண்டறிக்கையில இருக்கு, ஆடிட்டர் கையெழுத்துப் போட்டிருக்கான்னு சொன்னேன். அவ கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா. பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரம். அத்தனைக்கும் நொய்யல்.

இருநூத்தி அறுபத்தெட்டு வரைக்கும் போச்சு. இல்லேன்னு சொல்லலை. அப்ப வித்திருக்கலாம்னு சொல்றவன் முட்டாள். மதிப்பு நானூத்திப் பத்து இருக்கறப்ப எவனாவது இருநூத்தி அறுபத்தெட்டுக்கு விப்பானா?

அப்பறம் விற்பனை இறங்குச்சு. ஏன்? அதுக்குக் காரணம் கம்பெனி இல்லீங்க, இந்த ஊரு மில்லுக்காரனுங்க. ஒரு ஒழுங்கு கிடையாது, நன்றி கிடையாது. ஒருத்தன் வர்றான், ஏதோ ஒரு பழைய பேரிங் கேக்கறான், இல்லைங்கறாங்க. சரி, இல்லைன்னா மத்ததை வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே? போறதில்லை. அந்த ஒண்ணு எங்க இருக்கோ அங்கயே போயி, பெல்ட்டு, ஆயில் சீல், கையுறை, எல்லாத்தையும் அங்கயே வாங்கிடறான். இது என்ன நியாயம்? நூத்தித் தொண்ணூறு கோடி விற்பனை எழுபதுக்கு வந்துச்சு. இன்னிக்குக் காலையில விலை முப்பத்தொண்ணு. நான் விக்கலை. வித்தா நஷ்டம், விக்காத வரைக்கும் அது வெறும் விலை. இந்த வருஷக் கூட்டத்துக்கு ஒரு கேள்வி தயார் பண்ணி வெச்சிருக்கேன், கேட்டா அந்தப் பையன் மேடையில நிக்க மாட்டான்.

நீங்க ஏன் அப்படிப் பார்க்கறீங்க? நாச்சிமுத்து சொன்னதுதான் நடந்துச்சுங்கறீங்களா? தம்பி, அவன் சொன்னது ஒரு ஃபோர்மேன் பேச்சு. எத்தனை பர்சென்ட் கஸ்டமர், எத்தனை ரூபா, எத்தனை மாசத்துலன்னு சொன்னானா? இல்லையே. குருட்டாம்போக்குல சொன்னது பலிச்சா அது அறிவாயிடுமா?

சுலோச்சனாவா? ஷேர் நூறுக்குக் கீழ போன மாசம், என் தம்பி கடைக்குப் போயிட்டு வர்றேன், பொழுது போகும்னு சொல்லிட்டு வந்தவ, அதுலருந்து தினமும் வர்றா. சைட்டப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. அந்த வீட்டு வரைபடக் காகிதமும் அப்பறம் கண்ணுல படலை. சம்பளம் எவ்வளவு குடுக்கறான்னு நான் கேட்டதில்லை. பொழுதுபோக்குக்குப் போறவளுக்கு என்ன சம்பளம்? வீட்டுச் செலவை அவளே பார்த்துக்கறா, வாடகையும் அவதான். அதுல நான் தலையிடறதில்லை.

என்னம்மா? ... என்னது? ... நாச்சி வரட்டும், அவன் பிடிப்பான். ... எப்ப வருவான்னு எனக்கு என்ன தெரியும்?

ஏணியப் பிடிக்க ஆள் வேணுமாம். மேல் தட்டுல இருக்காம், ஏணி ஆடுதாம். இந்த முட்டிய வெச்சுக்கிட்டு நான் படியேறணுமாம். நீங்க உக்காருங்க, நீங்க கஸ்டமர், நீங்க ஏறக் கூடாது, அவளுக்குப் பிடிக்காது. அந்த போனை மட்டும் பார்த்துக்குங்க, அடிச்சா எடுக்க வேண்டாம். ஒரு நிமிஷத்துல வந்துடறேன்.

*

கிடைச்சுருச்சு.

இந்தாங்க. பிரிச்சு உங்களோடதோட வெச்சுப் பாருங்க. உள்வட்டம், வெளிவட்டம், தடிமன். சரியா இருக்கா? சரியாத்தான் இருக்கும். கார்டுல எழுதியிருந்தது. பஸ்ஸுக்கு நேரம் இருக்கு, நாலு மணிக்குள்ள மலை மேல போயிடுவீங்க.

மூச்சு வாங்கலைங்க. படிதான். கொஞ்சம் இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

மேல பெரிய ஹாலுங்க. நான் இவ்வளவு பெரிசுன்னு நினைக்கலை. லிஸ்ட்டுல அது தெரியாது. ரேக் ரேக்கா, பாதிக்கு மேல காலி. நான் நிறைஞ்சு கிடக்கும்னு நினைச்சேன். பழைய இரும்பு பீரோ ஒண்ணு சுவரோரமா இருக்கு, ரெண்டு கதவும் திறந்து கிடந்துச்சு. ஏணி அதுக்குப் பக்கத்துல. அவ மேல ஏறி நின்னு தட்டுக்குள்ள கையை விட்டுத் துழாவறா. நான் ஏணியப் பிடிச்சுக்கிட்டு நேரா பார்த்தா, கதவு.

கதவு பூராவும் மஞ்சள் தம்பி. என்னோட ஸ்டிக்கர். வித்த சாமான் ஒவ்வொண்ணுலருந்தும் உரிச்சு, வரிசை வரிசையா ஒட்டியிருக்கா. ஒரு கதவு நிறைஞ்சு, அடுத்த கதவு நிறைஞ்சு, சுவருக்கு வந்திருக்கு. ஒவ்வொரு ஸ்டிக்கர்லயும் டெட் ஸ்டாக்ங்கற எழுத்துக்குக் கீழ, பேனாவுல தேதி, லாபம் எவ்வளவு, அதுல பாதி எவ்வளவு. நாச்சிக்குப் பாதி, எனக்குப் பாதின்னு ஓரத்துல எழுதியிருக்கா. சம்பளம் போக, அவன் அவளுக்குப் பாதி குடுத்துக்கிட்டிருக்கான், ஆறு வருஷமா. எங்கிட்ட ரெண்டு பேரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மேல, முதல் ஸ்டிக்கருக்கும் மேல, என்ன எழுதியிருக்குன்னு நினைக்கறீங்க? காளப்பட்டி சைட். பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரம். அதுலருந்து அவ பாதியை ஒவ்வொண்ணாக் கழிச்சுக்கிட்டே வந்திருக்கா. ஆயிரத்தி நூறு. எண்ணூத்தி அம்பது. மூவாயிரம். கழிச்சுக் கழிச்சு, சுவருல கடைசி வரிசையில, இன்னும் பாக்கி ஆறு லட்சத்துப் பன்னெண்டாயிரத்து ஐநூறு.

நான் சரிபார்த்தேன். பழக்கம். ஒரு கையில ஏணி, இன்னொரு கையில விரல் விட்டுக் கடைசி ரெண்டு வரிசையையும் கூட்டிக் கழிச்சுப் பார்த்தேன். எங்கயாவது ஒரு இடத்துல தப்பு இருக்கும்னு பார்த்தேன். இல்லீங்க.

அப்பறம் ஒரு தப்பு கிடைச்சுது. காளப்பட்டியில இன்னிக்கு சென்ட் பத்து லட்சம் போகுது. அஞ்சு சென்ட்டுக்கு அம்பது லட்சம் எழுதியிருக்கணும். பழைய விலையையே எழுதி வெச்சிருக்கா. இது தெரியாம கணக்கு எழுதறாளேன்னு, சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். திறந்தவன் மூடிக்கிட்டேன். அவளுக்கு விலை தெரியும் தம்பி. அந்தப் பக்கம் பஸ் போறப்பெல்லாம் போர்டைப் பார்க்கறவ அவ. நான் எவ்வளவு தொலைச்சேனோ அதை மட்டும் எழுதியிருக்கா. இன்னிக்கு விலையை எழுதியிருந்தா என் ஆயுசுல அது தீராதுன்னு தெரிஞ்சுதான் எழுதலை.

பத்து வருஷ ஆண்டறிக்கை எதுலயும் நான் இப்படி ஒரு பக்கம் பார்த்ததில்லை. நான் கதவையே பார்த்துக்கிட்டு நிக்கறதை மேலருந்து அவ பார்த்துட்டா. நான் என்ன சொல்லப் போறேன்னு காத்திருப்பான்னு நினைச்சேன். "ஏணியப் பாருங்க"ன்னா. அவ்வளவுதான்.

விலையா? நாலாயிரத்து இருநூறு வாங்கச் சொன்னா. நான் எழுதித் தள்ளின விலை பூஜ்யம். நீங்க நாலாயிரத்து இருநூறை மறுபேச்சுப் பேசாம எண்ணி வெக்கறீங்க. உங்க இலை அத்தனையும் குப்பையாப் போனா எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியும், அதான்.

என்னது, கையுறையும் வேணுமா? பன்னெண்டு ஜோடி? ஆயில் சீல் நாலு? இருக்கு, எல்லாம் இருக்கு. வந்தது வந்தாச்சு, இங்கயே வாங்கிட்டுப் போயிடலாம்ங்கறீங்க. ஆமாங்க, அதுதானே வழக்கம்.

இந்தாங்க பில். பேரிங்கைத் துணியில சுத்திக்குங்க. அந்தக் கவரை எங்கிட்டக் குடுங்க, தூக்கிப் போட்டுடாதீங்க. ஸ்டிக்கர் கிழியாம உரிக்கணும். கொஞ்சம் சூடு காட்டினா வந்துடும்னு நினைக்கறேன், நான் உரிச்சதில்லை. அவ கீழ வந்ததும் கேப்பா.